பலகைக்கு ஒரு மேன் பக்கம்

ஓரகத்தி வீட்டில் மட்டும் இருந்தாலே போதும், பொறாமைக்கு வேறு ஆள் தேட வேண்டாம். எனக்கு வாய்த்தவள் வீட்டிலும் இருந்தாள், ஆபீசிலும் இருந்தாள். காலையில் குளியலறைக்கு அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டு, ஆபீஸ் வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய், மாலையில் மறுபடி அவளோடே திரும்பி வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தது வேறு யாருமில்லை, நானேதான். மாமியார் கேட்டார். "உன் ஆபீஸ்ல சின்னவளுக்கும் ஒரு இடம் பாரேன், வீட்லயே உக்காந்து என்ன பண்ணப் போறா?" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல பெயர் வாங்கும் ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில். ஊர் முழுக்க இருக்கிற பஸ் நிலையங்களில் தலைக்கு மேலே பலகைகள் தொங்குகின்றன, பார்த்திருப்பீர்கள். எந்த பஸ் எந்த மேடையிலிருந்து கிளம்பும், எது தாமதம், எது ரத்து என்று சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எழுத்துகளெல்லாம் எங்கள் அறையிலிருந்துதான் போகின்றன. பலகைகளோடு வந்த மென்பொருள் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. விற்றவன் போனையே எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் அடிக்கிற மாதிரி கட்டளைகளை எழுதினேன். 'பலகை' என்று ஒன்று, செய்தியை ஏற்றுவதற்கு. 'தாமதம்' என்று ஒன்று. 'துடை' என்று ஒன்று. இன்னும் சில. சின்னக் கோடு போட்டு எஸ் என்று அடித்தால் ஒரு நிலையத்துக்கு மட்டும் போகும், கோடு போட்டு ஏ என்று அடித்தால் எல்லா நிலையத்துக்கும் போகும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு எழுத்துகள், அவற்றுக்கென்று ஒரு வரிசை. எல்லாம் என் தலைக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அதனால் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். அந்த அழகை நான் எப்படிச் சொல்வேன்! ஷிப்ட் ஆட்கள் வருவார்கள், கணக்குப் பிரிவிலிருந்து வருவார்கள், எங்கள் மேலாளர்கூட வருவார். அவர் கண்டக்டராக இருந்து மேலே வந்தவர். கோபம் வந்தால் இன்னும் வாயில் விரலை வைத்து ஊதிவிடுவார், அதனால் எல்லாருக்கும் அவர் விசில். அவரே என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏம்மா, ரத்துன்னு போட என்ன அடிக்கணும்?" என்று பணிவாகக் கேட்பார். நான் உடனே சொல்ல மாட்டேன். கையில் இருக்கிற வேலையை முடிப்பேன். ஒரு பெருமூச்சு விடுவேன். "போன வாரம்தானே சொன்னேன்?" என்பேன். அப்புறம்தான் சொல்வேன். வீட்டில் என் பேச்சு எடுபடாது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்பார், அதோடு சரி. ஆபீசில் நான் பெருமூச்சு விட்டால் மனிதர்கள் நடுங்கினார்கள். ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் இவ்வளவாவது வேண்டாமா?

இந்த இடத்தில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

அவள் பேசவே மாட்டாள். மெலிந்த உடம்பு, பெரிய கைப்பை, யாரையும் நேராகப் பார்க்காத கண். முதல் நாள் அவளை உட்கார வைத்து, "எது தெரியலைன்னாலும் என்னைக் கேளு" என்றேன். தலையாட்டினாள். கேட்கவே இல்லை. எட்டிப் பார்த்தால், மேன் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேன் என்றால் மேனுவலின் சுருக்கம், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற கையேட்டை எடுத்துக் காட்டும் கட்டளை. மேன் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டிய கட்டளையின் பெயரை அடித்தால், அதைப் பற்றிய பக்கம் திரையில் விரியும். அது என்ன செய்யும், எந்த எழுத்துக்கு என்ன பலன், எப்படித் தப்பாகப் போகும், எல்லாம் அதில் இருக்கும். ஸ்பேஸைத் தட்டினால் கீழே நகரும், க்யூவைத் தட்டினால் மூடிக்கொள்ளும். எனக்கும் மேன் தெரியும், தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பல காலம் ராப்பகலாக அதைப் படித்துத்தான் நானும் கற்றேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று ஆபீசில் யாரிடமும் மூச்சு விடவில்லை, அவ்வளவுதான். இவளோ வந்த அன்றைக்கே மேன் கட்டளைக்கே மேன் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் இருந்த ஷிப்ட் ஆள், சோடாபுட்டி போட்டிருப்பதால் கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடுகிறவன், "அட, இது எல்லாத்துக்கும் வருமா?" என்று வாயைப் பிளந்தான்.

மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். வந்தாளே என்று நான் பெருமூச்சுக்குத் தயாரானேன்.

"அக்கா, பலகைக்கு மேன் போட்டேன். கையேடு இல்லைன்னு வருது."

"எப்படி வரும்? அது நான் எழுதினது."

"ஒரு பக்கம் எழுதி வெச்சா எல்லாருக்கும் வசதியா இருக்குமே?"

"அதான் நான் இருக்கேனே!"

அவள் திரும்பிப் போனாள். போய், விசிலிடம் கேட்டாள். விசில் என்னைக் கூப்பிட்டார். "உன் ஓரகத்தி பரவால்லம்மா, நல்ல யோசனையா சொல்லுது. நீ எவ்வளவுதான் தனியா இழுப்பே? எழுதட்டும்" என்றார். நான் தனியாக இழுப்பதைப் பற்றி இவரிடம் யார் அழுதார்கள்? ஆனால் சிரித்துக்கொண்டே சரி என்றேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை என்று சொன்னேன் அல்லவா.

அவள் என்னிடம் எதையும் கேட்காமலே எழுதினாள். நான் எழுதிய நிரல்களைத் திறந்து, வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு எழுத்தையும் தனியாக அடித்துப் பார்த்து எழுதினாள். என் அலமாரியைத் திறந்து என் துணிகளை மடித்து வைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. பக்கங்கள் தயாராகின. பெயர், சுருக்கம், விளக்கம், எழுத்துகள், எடுத்துக்காட்டு, குறைகள், மேலும் பார்க்க என்று, பெரிய பெரிய கட்டளைகளுக்கு இருக்கிற அதே ஒழுங்கில், நம் தமிழில் எழுதியிருந்தாளாம். இருந்தாளாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் பார்க்கவில்லை. என் கட்டளைக்கு அவள் எழுதிய பக்கத்தை என் கண்ணால் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பெற்ற பிள்ளையின் குணத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடமா போய்க் கேட்பது?

ஆட்கள் வருவது குறைந்தது. முதலில் ஷிப்ட் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் கணக்குப் பிரிவு. விசில் ஒருநாள் எழுந்து என் மேஜையை நோக்கி வந்தார். எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. வந்தவர் என்னைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து எல்லார் திரையையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். மேன் பலகை. மேன் தாமதம். மேன் துடை. என்னிடம் பேச வேண்டிய பேச்சையெல்லாம் அந்தக் கறுப்புத் திரையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அது பெருமூச்சு விடாது, போன வாரம் சொன்னேனே என்று கேட்காது, எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில் சொல்லும். அப்படிப்பட்டதோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

வீட்டிலும் விடவில்லை. சாப்பிடும்போது மாமியார், "சின்னவ எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டாளாமே? இனிமே நீ நிம்மதியா லீவு போடலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் லீவு போட்டால் ஆபீஸ் ஸ்தம்பிக்கும் என்பதுதான் இத்தனை காலம் என் நிம்மதி. சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு பெருமையாவது முகத்தில் தெரிந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பக்கம் அவளுடையது. ஆனால் கட்டளை என்னுடையது.

மறுநாள் அவள் வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 'பலகை'யில் ஒரு நிலையத்துக்கு மட்டும் அனுப்பும் எஸ் என்ற எழுத்தை டி என்று மாற்றினேன். ரொம்பச் சின்ன வேலை. யாருக்கும் ஆபத்து கிடையாது. பழைய எழுத்தை அடித்தால் கட்டளை எதையும் செய்யாது, 'புரியவில்லை. தெரிந்தவரைக் கேட்டுவிட்டு அடிக்கவும்' என்று மட்டும் சொல்லும். அந்த வாசகம் நான் ஆரம்பத்திலேயே ஆசையாக எழுதி வைத்தது. தெரிந்தவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் வண்டியை விட்டு இறங்கியதும் நேராகப் போய் என் மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தேன். தலையைக்கூடப் படிய வாரியிருந்தேன். அவளுடைய பக்கம் எஸ் என்று சொல்லும், கட்டளை முடியாது என்று சொல்லும், வந்து நிற்கட்டும் எல்லாரும். யாரும் வரவில்லை. பலகைகள் பாட்டுக்கு ஓடின. சாயங்காலம்வரை நான் விட்ட பெருமூச்செல்லாம் வீண்.

ஒருவேளை யாருக்கும் அந்த எழுத்து தேவைப்படவில்லையோ என்று, எல்லா நிலையத்துக்கும் அனுப்பும் ஏ-வையும் மாற்றினேன். வரவில்லை. அடுத்து வரிசையை மாற்றினேன். முதலில் நிலையம், பிறகு செய்தி என்று இருந்ததை முதலில் செய்தி, பிறகு நிலையம் என்று ஆக்கினேன். 'தாமத'த்தில் கை வைத்தேன். 'துடை'யைக் குடைந்தேன். டி என்று மாற்றியதை மறுபடி என்-ஆக்கினேன். ஒரு மனிதர் வரவில்லை. தாங்க முடியாமல் கண்ணாடியிடம் போய், "பலகையெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"ஜம்முனு வேலை செய்யுதுக்கா."

"ஏதாவது... மாறின மாதிரி இருக்கா?"

"மாறினா என்னக்கா, பக்கம் இருக்கே" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் அந்த நிமிஷமே விஷயம் தெரிந்திருக்கும். அங்கேதான் என் ரோஷம் குறுக்கே நின்றது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்காக எழுத்துகளை மனப்பாடம் செய்கிறார்கள், அவள் என்ன மருந்து வைத்தாளோ என்றெல்லாம் யோசித்தேன். வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் முழங்கை என் மேல் பட்டால்கூட எரிச்சலாக வந்தது. அவள் தூங்குவதைப் பார்த்தால் எரிச்சல். தூங்கும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லையே என்று இன்னும் எரிச்சல்.

பாலத்தின்மேல் லாரி கவிழ்ந்தது ஒரு மத்தியானம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பஸ் எல்லாம் சுற்றுப்பாதையில் போக வேண்டும், மேடைகள் எல்லாம் மாற வேண்டும். நிலையங்களில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, பலகையோ பழைய மேடையையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஷிப்ட் ஆட்கள் ஆளுக்கு இரண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு டிரைவர்களோடு கத்திக்கொண்டிருந்தார்கள். அறையின் நடுவில் இருந்த ஷிப்ட் கம்ப்யூட்டர் முன்னால் ஆளில்லை. விசில் வாயில் விரலை வைத்து ஊதினார். எல்லாரும் திரும்பினோம்.

"ஏம்மா, நீயே வந்து போட்டுடு. நீ எழுதினதுதானே, உன்னைவிட வேகமா யாரு போடுவா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த அழைப்பு! எழுந்து நடந்தேன். வழிவிட்டார்கள். சின்னவள் அவள் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பாருடி, நல்லா பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். பலகை என்று அடித்து, கோடு போட்டு ஏ, பிறகு செய்தி. விரல் தன்னால் ஓடியது. தட்டினேன்.

'புரியவில்லை. தெரிந்தவரைக் கேட்டுவிட்டு அடிக்கவும்.'

மாற்றியது ஞாபகம் வந்தது. ஏ இல்லை, எல். அடித்தேன். புரியவில்லை. எல் இல்லை, அது தாமதத்துக்கு. பலகைக்கு ஜி போட்டேனா? புரியவில்லை. செய்தி முதலா, நிலையம் முதலா? மாற்றியதை மறுபடி மாற்றி, அதன்மேல் இன்னொரு தடவை மாற்றி, எது கடைசியில் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. நிரலைத் திறந்து பார்க்கலாமென்றால் அது என் மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எழுந்து அங்கே போனால் மானம் போகும். எதிரே திரையில் அந்த ஒரே வாசகம் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் விசிலின் மூச்சு கேட்டது. போனில் யாரோ, மூன்றாம் மேடையில் ஒரு கிழவர் கீழே விழுந்துவிட்டார், பலகையை மாற்றுங்கள் என்று கத்துவது இங்கே கேட்டது. ஆளில்லாத ஆபீசாக இருந்தால் அழுதிருப்பேன்.

கண்ணாடி ஒரு காதில் போனோடு என் பக்கம் குனிந்தான். கள்ளமே இல்லாத முகம். "அக்கா, மேன் போட்டுப் பாருங்களேன். நாங்க எல்லாம் அப்படித்தான் பண்றோம்."

போட்டேன். வேறு என்ன செய்ய? மேன், ஓர் இடம், பலகை. எல்லாருக்கும் முன்னால், என் கட்டளையை எப்படி அடிப்பது என்று என் ஓரகத்தியின் பக்கத்தைக் கேட்டேன். பக்கம் விரிந்தது. எல்லா நிலையத்துக்கும்: ஜி. செய்தி முதலில், ஜி கடைசியில். முந்தின நாள் சாயங்காலம் நான் செய்த மாற்றம் அச்சு அசலாக அதில் இருந்தது. அடித்தேன். ஊர் முழுக்கப் பலகைகள் மாறின. விசில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கிழவருக்கு முழங்காலில் சிராய்ப்புதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

எல்லாரும் அவரவர் போனுக்குத் திரும்பிய பிறகு, நான் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். வைராக்கியம்தான் போய்விட்டதே, இனி பார்க்காமல் இருந்து என்ன? நன்றாக எழுதியிருந்தாள். நான் வாயால் சொல்லும்போது சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் ஒரு வரியில் சொல்லியிருந்தாள். எடுத்துக்காட்டுகளில்கூட நம் ஊழியர்கள் தினமும் போடும் செய்திகளையே போட்டிருந்தாள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. ஸ்பேஸைத் தட்டித் தட்டிக் கீழே போனேன். 'குறைகள்' என்ற பகுதி வந்தது. எந்தக் கட்டளையின் பக்கத்திலும் அதை எழுதியவர்கள், அதில் இருக்கிற கோளாறை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிற இடம் அது. பலகைக்கு இப்படி இருந்தது:

'இந்தக் கட்டளையின் எழுத்துகளும் வரிசையும் அடிக்கடி மாறும். தினமும் காலையில் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்து இந்தப் பக்கம் திருத்தப்படுகிறது. இதைப் பற்றி மாற்றுபவரிடம் போய்க் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு வேலை அதிகம்.'

அப்படியானால் ஆபீஸ் முழுக்க இதைப் படித்திருக்கிறது. கண்ணாடி படித்திருக்கிறான், விசில் படித்திருக்கிறார். நான் காலையில் தலைவாரிக்கொண்டு காத்திருந்தபோதெல்லாம், என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாரும் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

சாயங்காலம் வண்டிக்குக் காத்திருக்கும்போது சின்னவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்க்கா." இப்போதும் கைப்பையைத்தான் பார்த்தாள். "முதல் தடவை ஏதோ நல்லதுக்கு மாத்தினீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை புரிஞ்சுது."

"புரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? எனக்கு வேலை அதிகம்னு எழுதி வெச்சியே, என்ன, என்மேல இரக்கமா? உன் இரக்கம் யாருக்கு வேணும்?"

அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"இரக்கமா? உங்க மேலயா?" என்றாள். அவளுக்கு இவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "நான் வந்த அன்னைக்கு உங்க மேஜையைச் சுத்தி அத்தனை பேர் நிக்கிறாங்க. நீங்க ராணி மாதிரி உக்காந்துட்டு இருக்கீங்க. வீட்லயும் எதுக்கெடுத்தாலும் பெரியவளைக் கேளு, பெரியவளுக்குத்தான் தெரியும். என்கிட்ட யாராவது எதையாவது கேட்டுருக்காங்களா? பக்கம் எழுதினா எனக்கும் நாலு பேர் வருவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தர் வரல! படிக்கிறாங்க, க்யூவைத் தட்டறாங்க, போயிடறாங்க. அதை எழுதினது நான்னு பாதிப் பேருக்கு ஞாபகம்கூட இல்ல. நீங்க எழுத்தை மாத்தினதும் எல்லாரும் திரும்ப உங்ககிட்டயே வந்துடுவாங்கன்னு பயம் வந்துடுச்சு. என்கிட்ட வராதவங்க உங்ககிட்ட மட்டும் ஏன் வரணும்? அதான் அப்படி எழுதினேன். போதுமா?"

இத்தனை நாளாக இவள் நல்லவள் என்றல்லவா நினைத்து வெந்துகொண்டிருந்தேன்! அமைதி, அடக்கம், பொறுமை என்று மாமியார் பாடுகிற பாட்டையெல்லாம் நம்பி, என் மனசு மட்டும்தான் சாக்கடை என்று புழுங்கினேனே! இவளும் வயிறு எரிந்துதான் இருக்கிறாள். எனக்கு முன்னாலேயே, வந்த முதல் நாளே எரிந்திருக்கிறாள். கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, அன்றைக்குத்தான் அவள் எனக்குச் சொந்தக்காரியாகத் தெரிந்தாள்.

"அழாதே, வண்டி வருது" என்றேன். "மூஞ்சியைத் துடை. அத்தை கேட்டா என்ன சொல்றது?"

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். இறங்குவதற்கு முன் அவள் மெதுவாக, "அந்த வரியை எடுத்துடட்டுமாக்கா?" என்றாள்.

"எடுத்துடு."

"அப்ப நீங்க மாத்தறதை நிறுத்திடுவீங்களா?"

"பாக்கலாம்" என்றேன். நிறுத்திவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் அந்த வரி பக்கத்தில் இல்லை. இனி என்னிடம் வர யாருக்கும் தடை இல்லை. காலையில் காத்திருந்தேன். மத்தியானமும் காத்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். யாரும் வரவில்லை. அந்த வரி இருந்ததால் அவர்கள் வராமல் இருக்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லாததால் வரவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு அந்த வாரம் முழுக்க ஆனது. விசில் வந்து ஜன்னலைத் திறந்தார், சாத்தினார். சின்னவள் மேஜைக்கும் யாரும் போகவில்லை என்பதைக் கழுத்தை நீட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் யாரோ என் மேஜைமேல் கையை ஊன்றினார்கள். நிமிர்ந்தேன். சின்னவள்.

"அக்கா, எல்லாத்தையும் அடிச்சுப் பாத்துட்டேன். பலகை, தாமதம், துடை, ஒண்ணு விடல. நீங்க எதை மாத்தினீங்கன்னே கண்டுபிடிக்க முடியல. ஒரு வாரமா தேடறேன். சொல்லிடுங்களேன்."

எத்தனை காலமாயிற்று, ஒருத்தர் என் மேஜைக்கு வந்து, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை என்னிடம் கேட்டு! நான் எதையும் மாற்றவில்லை. அதைச் சொல்லிவிட்டால் அவள் திரும்பிப் போய்விடுவாள். நாளை வரவும் மாட்டாள். கையில் இருந்த வேலையை முடித்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன்.

"நல்லா தேடு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் தன் மேஜைக்கு ஓடி, கையைத் தேய்த்துக்கொண்டு, முதல் கட்டளையிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காவது தேட ஏதோ கிடைத்ததே என்று எனக்கு அவள் மேல் பொறாமையாக வந்தது.